பக்கெட் தண்ணியும் நூறு நாள் வீடும்

பத்து நாள் மௌன தியானம் போய்ட்டு வந்தவன் நான்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு திரிஞ்ச காலம் ஒன்னு உண்டு. போன் கிடையாது, பேச்சு கிடையாது, பக்கத்துல உக்காந்திருக்கறவர் கண்ணக்கூட பாக்கக்கூடாது, விடிகாலை நாலு மணிக்கு மணி அடிச்சா எழுந்துக்கணும். திரும்பி வந்தப்போ நடையே மாறிப்போச்சு, பேச்சு வேற ரெண்டு ஸ்பீடு கம்மி. அதே வாரம் ஒரு நைட்டு அம்மா ஹால்ல பிக் பாஸ் ரியாலிட்டி ஷோவ போட்டுக்கிட்டு, கைல போன வெச்சு மும்முரமா ஓட்டு குத்திட்டு இருந்தாங்க, நான் கதவு பக்கத்துல நின்னு "இதெல்லாம் எப்படித்தான் பாக்குறீங்களோ"ன்னு ஒரு பெருமூச்சு விட்டேன். விட்டுட்டு அங்கயே நின்னேன். விளம்பரம் வர்ற வரைக்கும் நின்னேன். அப்புறம் உக்காந்தேன். அந்த சீசன் முடியற வரைக்கும் எந்திரிக்கல.

அந்த பத்து நாள்ல நடந்த ஒரு விஷயத்த மட்டும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கும் இன்னொருத்தருக்கும் பொதுவா ஒரே பாத்ரூம். அவர் குளிச்சிட்டு போகும்போது பக்கெட்ல பாதி தண்ணிய அப்படியே விட்டுட்டு போவாரு, மேல சோப்பு நுரை மிதக்கும். முத நாள் நான் கொட்டிட்டு புதுசா புடிச்சேன், ரெண்டாவது நாளும். மூணாவது நாள் எரிச்சல். அஞ்சாவது நாள்ல கண்ண மூடி உக்காந்து மூச்ச பாருன்னா எனக்கு பக்கெட்தான் தெரியுது, ஏழாவது நாள்ல அவருக்கு எதிரா முழு வழக்கே நடத்தி முடிச்சிட்டேன் மனசுக்குள்ள, அவர் என்ன சொல்வாரு, அதுக்கு நான் என்ன சொல்வேன், கேக்கறவங்க எல்லாம் எப்படி என் பக்கம் தலையாட்டுவாங்கன்னு டயலாக்கோட. பத்தாவது நாள் பேசலாம்னு விட்டதும் அவரே வந்து அரைமணி நேரம் முட்டி வலிய பத்தி பேசினாரு. நல்ல மனுஷன். நான் பக்கெட்ட பத்தி வாயே தெறக்கல. ஆனா இன்னைக்கு கேட்டாலும் எந்த நாள் எவ்ளோ தண்ணி இருந்துச்சுன்னு சொல்லுவேன்.

இத ஏன் இழுக்குறேன்னா, அந்த சீசன்ல வீட்டுக்குள்ள வந்த மொத பெரிய சண்டை பாத்ரூம் கழுவுறத பத்தி. அம்மா சிரிச்சாங்க, "இதுக்கா இவ்ளோ கத்துறாங்க"ன்னு. எனக்கு சிரிப்பே வரல.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு கோசம்பி சண்டை கதைய படிச்சேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன், புத்தர் உயிரோட இருந்தப்பவே அவரோட சங்கம் ரெண்டா உடையற அளவுக்கு போன சண்டை அது. தம்மபதம்ங்கற பௌத்த நூலோட உரைல வர்ற விவரப்படி ஆரம்பம் எங்கன்னா, கக்கூஸ்ல. உபதேசம் பண்ற பிக்கு, அதாவது புத்த துறவி, ஒருத்தர் கழுவுற பாத்திரத்துல மிச்ச தண்ணிய வெச்சிட்டு வந்துட்டாரு. அடுத்து உள்ள போன விநய பிக்கு, அதாவது சங்கத்தோட சட்டதிட்டம் எல்லாம் கரைச்சு குடிச்சவர், வெளிய வந்து "தண்ணிய வெச்சது நீங்களா"ன்னு கேட்டாரு. ஆமாங்கறாரு இவர். அது தப்புங்க. அப்படியா, தெரியாம பண்ணிட்டேன், தப்ப ஒத்துக்கறேன். இல்லல்ல, தெரியாம பண்ணா தப்பே இல்ல, விடுங்க. அவ்ளோதான், அங்கயே முடிஞ்சிருக்கணும்ல? விநய பிக்கு போய் தன்னோட சீடர்ங்ககிட்ட "அந்தாளுக்கு தான் பண்றது தப்புன்னே தெரியாது"ன்னு சொல்ல, அந்த சீடர்ங்க எதிர் கோஷ்டி சீடர்ங்ககிட்ட "உங்க வாத்தியாருக்கு ஒன்னும் தெரியாதாமே"ன்னு போட்டு கொடுக்க, அவங்க ஓடிப்போய் தங்க குருகிட்ட சொல்ல, அவர் "அப்போ தப்பில்லன்னான், இப்போ தப்புங்கறான், அவன் பொய்யன்"ன்னு கொதிக்க. நேருக்கு நேர் ஒரு பேச்சு, முதுகுக்கு பின்னாடி வேற பேச்சு. இந்த எபிசோட நான் டிவில எத்தன தடவ பாத்திருப்பேன்!

புத்தர் நடுவுல வந்து சமாதானம் பண்ணி பாத்தாரு. ஒரு பிக்கு அவர்கிட்டயே, நீங்க நிம்மதியா இருங்க சாமி, இந்த சண்டைய நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டாரு. புத்தர்கிட்டயே! அவர் யார்கிட்டயும் சொல்லாம தனியா காட்டுக்கு கெளம்பி போய்ட்டாரு, பாரிலேய்யகம்ங்கற எடம், அங்க ஒரு யானை அவருக்கு பணிவிடை பண்ணுச்சுன்னு கதை. சண்டை எப்படி முடிஞ்சுதுன்னா, கோசம்பி ஊர் ஜனங்க கடுப்பாகி, எங்க புத்தர விரட்டி விட்டவங்களுக்கு இனிமே கும்பிடும் கிடையாது பிச்சையும் கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பட்டினி கெடந்ததும் ரெண்டு கோஷ்டியும் சாவத்திங்கற ஊருக்கு ஓடிப்போய் சமாதானம் ஆனாங்க. பப்ளிக் ஓட்டிங்தான், வேறென்ன.

இதனால எனக்கு ஒரு விஷயம் தெளிவாச்சு. வீட்டுக்குள்ள சண்ட போடறவங்க கேவலமானவங்க, நாம நல்லவங்கங்கற கணக்கே தப்பு. வெளிய போக முடியாம, செய்ய வேலை இல்லாம, ஒரே மூஞ்சிங்கள நாள் பூரா பாத்துட்டு இருந்தா துறவியா இருந்தாலும் தண்ணிக்கு அடிச்சுப்பான். பிக் பிரதர்னு இந்த ஃபார்மேட் நெதர்லாந்துல 1999ல மொதல்ல வந்துச்சு, தமிழுக்கு பிக் பாஸா 2017ல. ஊர் மாறுது, மொழி மாறுது, ஆள் மாறுது, சண்டை மட்டும் மாறல பாத்தீங்களா: யார் பாத்திரம் கழுவல, யார் யாரோட பொருள எடுத்தா, யார் யார பத்தி பின்னாடி என்ன சொன்னா. போன புடுங்கி, கடிகாரத்த எடுத்து, வெளியுலக செய்தி எதையும் உள்ள விடாம வெச்சா மனசுக்கு மெல்ல ஏதாவது வேணும், கெடச்சத மெல்லும். என் மனசு பக்கெட்ட மென்ன மாதிரி.

ஆனா இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம் வருது, கொஞ்சம் நிதானமா சொல்லிக்கறேன்.

பிக்குகளுக்கும் ஒரு "வீடு" உண்டு. மழைக்காலத்துல மூணு மாசம் எங்கயும் அலையாம ஒரே எடத்துல தங்கணும், வஸ்ஸம்னு பேரு. மூணு மாசம்னா தொண்ணூறு நாள், நம்ம ஷோ நூறு நாள், கிட்டத்தட்ட ஒரே கணக்கு. ஒரு தடவ கோசல நாட்டுல சில பிக்குகள் யோசிச்சாங்க, ஒன்னா இருந்தா சண்டை வரும், அதனால மூணு மாசமும் யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. அப்படியே இருந்தும் காமிச்சாங்க. முடிஞ்சதும் புத்தர்கிட்ட போய், சாமி நாங்க சண்டையே இல்லாம சுகமா இருந்தோம்னு பெருமையா சொன்னா, அவர் பாராட்டுவாருன்னுதான நெனப்போம்? திட்டினாரு. ஆடு மாடு மாதிரி வாழ்ந்துட்டு வந்து சுகமா இருந்தோம்னு வேற சொல்றீங்களான்னு. (பத்து நாள் மௌனத்த மெடல் மாதிரி குத்திக்கிட்டு திரிஞ்ச எனக்கு இத படிச்சப்போ எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுக்கோங்க. பத்து நாள் வாய மூடினது வேற நோக்கத்துக்கு, அது எனக்கும் தெரியும், இருந்தாலும் சுருக்குன்னுச்சு.) அப்போதான் அவர் ஒரு முறைய ஏற்படுத்தினாரு, பவாரணான்னு. மூணு மாசம் முடியற அன்னைக்கு எல்லாரும் கூடி உக்காரணும், ஒவ்வொருத்தரா, துறவுல மூத்த பிக்குல இருந்து நேத்து சேந்த பையன் வரைக்கும், கை கூப்பி கேக்கணும்: என்கிட்ட ஏதாவது தப்ப நீங்க பாத்திருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டிருந்தாலோ என்மேல இரக்கம் வெச்சு சொல்லுங்க, தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கறேன். மூணு தடவ கேக்கணும்.

இப்போ நம்ம வீட்டுக்கு வாங்க. இங்கயும் பாத்தது, கேட்டது, சந்தேகப்பட்டது மூணும் இருக்கு. சந்தேகம் ரொம்பவே இருக்கு. ஆனா எப்படி வெளிய வருது? வாரா வாரம் நாமினேஷன். ஒருத்தர் தனியா கன்பெஷன் ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கிட்டு, கூட சாப்பிட்டு கூட தூங்கற ரெண்டு பேர் பேர சொல்லி காரணமும் சொல்லணும். யார பத்தி சொல்றாங்களோ அவங்கள தவிர அவ்ளோ பேரும் கேக்கறோம். அங்க "என் தப்ப சொல்லு"ன்னு மனுஷன் தானா கேக்கறான், இங்க "யார அனுப்பலாம்"னு கேக்க வெக்கறாங்க. ஆளுங்க ஒன்னுதான், சண்ட ஒன்னுதான், கேள்விய மட்டும்தான் மாத்தி வெச்சிருக்காங்க. வாரக் கடைசில குறும்படம் போடுவாங்கள்ல, நான் அப்படி சொல்லவே இல்லன்னு சாதிக்கறவங்களுக்கு அவங்க பேசினதயே ஓட்டி காட்டறது, அத நான் கைதட்டி பாத்தவன். "போடு, குறும்படத்த போடு!"ன்னு கத்தினவன். பவாரணால பாத்ததும் கேட்டதும்னு சொல்றதுக்கு இதவிட சரியான சாட்சி வேற கெடைக்குமா, ஆனா பாருங்க, அத பாத்த பிறகு யாராவது திருந்தினாங்களா? தலைய குனிவாங்க, மன்னிப்பு கேப்பாங்க, அடுத்த நாள் தோட்டத்துல உக்காந்து "அந்த க்ளிப்ல அதுக்கு முன்னாடி நடந்தத காட்டலயே"ன்னு பேசிட்டு இருப்பாங்க. அதுலயும் ஒரு நியாயம் இருக்கறதுதான் கொடுமை.

ஏன்னா எடிட்டிங். இருபத்திநாலு மணி நேரம், வீடு பூரா கேமரா, அதுல நமக்கு வர்றது ஒரு மணி நேரம் சொச்சம். ஒரு நாள் வெளாட்டா ரிமோட்ல மியூட்ட அழுத்திட்டு பாத்தேன். அம்மா போன்ல பேசிட்டு இருந்தாங்க, அதான் வசதி. ரெண்டு பேருக்கு சமையலறைல வாக்குவாதம். சத்தத்தோட பாத்தப்போ எல்லாம் அந்த தடதடங்கற மியூசிக் நெஞ்ச புடிச்சு இழுத்துட்டு போகும், அது போனதும் என்ன மிஞ்சுச்சுன்னா, ரெண்டு பேர் ஏதோ பேசுறாங்க, ஒருத்தர் கைய ஆட்டறாரு. அவ்ளோதான். நடுவுல ஒரு பொண்ணு திரும்பி முறைக்கற மாதிரி ஒரு ஷாட். அதே ஷாட் திரும்ப வந்துச்சு. மூணாவது தடவ வந்தப்போதான் கவனிச்சேன், அந்த ஷாட்ல அந்த பொண்ணு தலைல ஈரத் துண்டு சுத்தியிருக்கு, ஆனா சமையலறைய முழுசா காட்டற ஷாட்ல ஓரமா நிக்கிற அதே பொண்ணுக்கு தலைமுடி காஞ்சு தொங்குது. எப்பவோ எதையோ பாத்து சும்மா திரும்பின பார்வைய வெட்டி இங்க ஒட்டியிருக்காங்க. நான் அந்த முறைப்ப வெச்சு ரெண்டு வாரமா அந்த பொண்ண திமிர் புடிச்சதுன்னு சொல்லிட்டு திரிஞ்சேன்.

புத்தர் பாஹியர்ங்கறவருக்கு சொன்ன சின்ன உபதேசம் ஒன்னு உண்டு, பாத்ததுல பாத்தது மட்டும் இருக்கட்டும், கேட்டதுல கேட்டது மட்டும் இருக்கட்டும்னு. நான் அத பெரிய ஞான விஷயமா நெனச்சிட்டு இருந்தேன், மியூட் பட்டன்ல கொஞ்சம் புரியும்னு எதிர்பாக்கல.

இந்த வேடிக்கை காட்டற தொழில் பத்தியே ஒரு சூத்திரம், அதாவது புத்தரோட உபதேசம், இருக்கு தெரியுமா? தாலபுடர்னு ஒரு நாடகக் கோஷ்டி தலைவர். புத்தர்கிட்ட வந்து கேக்கறாரு: எங்க பழைய நடிகர்ங்க எல்லாம் வழிவழியா சொல்லிட்டு வர்றாங்க, மேடைல நிஜத்தையும் பொய்யையும் வெச்சு ஜனங்கள சிரிக்க வெச்சு சந்தோஷப்படுத்தறவன் செத்த பிறகு சிரிக்கிற தேவர்கள் உலகத்துக்கு போவான்னு, நீங்க என்ன சொல்றீங்க? புத்தர் வேணாம், இத கேக்காதீங்கன்னாரு. ரெண்டாவது தடவயும் வேணாம்னாரு. மூணாவது தடவ கேட்டதும் சொன்னாரு: ஜனங்க ஏற்கனவே ஆசைல கோவத்துல மயக்கத்துல கட்டுண்டு கெடக்கறாங்க, நடிகன் அதையே கெளப்பற விஷயங்கள இன்னும் இன்னும் கொட்டறான், தானும் மயங்கி மத்தவங்களயும் மயக்கறவன் போற எடம் சிரிப்பு நரகம். தாலபுடர் அழுதுட்டாரு. நீங்க சொன்னதுக்காக அழல சாமி, இவ்ளோ காலம் அந்த பழைய ஆளுங்க என்ன ஏமாத்திட்டாங்களேன்னு அழறேன்னாரு. அப்புறம் துறவியாகி அரஹந்தரும், அதாவது முழுசா விடுதலை அடைஞ்சவரும், ஆனாருன்னு முடியுது.

நரகம் சொர்க்கம் எல்லாம் விடுங்க, நடிகர்ங்க எல்லாம் நரகத்துக்குத்தான்னு நான் சொல்ல வரல, எனக்கு சினிமா உசுரு. எனக்கு பிடிச்சது "நிஜத்தையும் பொய்யையும்"ங்கறதுக்கு அங்க வர்ற ஒரு வார்த்த. பாலி மொழில "சச்சாலிக". சச்சம்னா நிஜம், அலிகம்னா பொய், ரெண்டையும் சேத்து ஒட்டின ஒரே வார்த்த. ரியாலிட்டி ஷோவுக்கு இதவிட பொருத்தமான பேர இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. ஸ்கிரிப்டா இல்லயான்னு வருஷா வருஷம் ஒரு சண்ட நடக்கும்ல, "எல்லாம் எழுதி குடுத்து நடிக்கறாங்க"ன்னு ஒரு கூட்டம், "கண்ணீர எப்படிங்க எழுதி குடுப்பாங்க"ன்னு ஒரு கூட்டம். கண்ணீர் நிஜம்ங்க. அது எந்த நாள் கண்ணீர், எதுக்கு வந்த கண்ணீர்ங்கறதுதான் ஒட்டினது.

சரி, நம்ம பக்கம் வருவோம், பாக்கறவங்க பக்கம். மணிமேகலைல பன்னிரண்டு நிதானங்களுக்கு, அதாவது ஒன்னுக்கு ஒன்னு காரணமா வர்ற பன்னிரண்டு கண்ணிகளுக்கு, அழகான தமிழ்ப் பேருங்க வருது, பேதைமைல ஆரம்பிச்சு வினைப்பயன்ல முடியற சங்கிலி. அதுல நடுவுல நாலு: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. ஊறுன்னா கண்ணும் காட்சியும் வந்து தொடறது. நுகர்வுன்னா அந்த தொடுதல்ல வர்ற இனிப்பு கசப்பு உணர்ச்சி, பாலி மொழில வேதனா. அதுல இருந்து வேட்கை, அதுல இருந்து பற்று. இப்போ மத்தியானம் போன்ல ஒரு ப்ரோமோ வருது, முப்பது செகண்டு கூட இருக்காது. ஒருத்தர் கதவ டமார்னு சாத்தறாரு, கட். ஊறு ஆச்சு. உள்ள ஒரு சின்ன கிளுகிளுப்பு, நுகர்வு. நைட்டு பாத்தே ஆகணும், வேட்கை. ரெண்டு வாரம் போனா "எங்க ஆளு", அவர யாராச்சும் ஏதாச்சும் சொன்னா முன்ன பின்ன தெரியாதவங்களோட மல்லுக்கட்டற அளவுக்கு பற்று. அந்த கதவு சத்தம் நைட்டு எபிசோட்ல பாத்தா காத்துக்கு சாத்தினதா இருக்கும், அது வேற விஷயம். இதுல என்ன ஆச்சரியம்னா, உணர்ச்சிக்கு மணிமேகலை வெச்ச அதே நுகர்வுங்கற வார்த்தைலதான் இன்னைக்கு நாம நுகர்வோர்னு சொல்றோம், கஸ்டமர். யார் யோசிச்சு வெச்சாங்களோ. நம்ம நுகர்வ வித்துத்தான் விளம்பரம் வாங்கறாங்க, நாம நுகர்வோரும் இல்ல, சரக்கே நாமதான்னு ஒரு நைட்டு தோணுச்சு, தோணின பிறகும் அடுத்த ப்ரோமோவ பாத்தேன்.

ஆனா என்ன புடிச்சு வெச்சிருந்தது கதவு சத்தம் இல்ல. அத கண்டுபிடிக்கத்தான் ஒரு சீசன் ஆச்சு. என்ன புடிச்சு வெச்சிருந்தது "நான் இவங்கள மாதிரி இல்லப்பா"ங்கற அந்த நெனப்பு. ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பத்து தடவயாவது அந்த நெனப்பு வரும், வரும்போது ஒரு சொகம் இருக்கு பாருங்க, வேற எதுலயும் கெடைக்காது. புத்த தர்மத்துல இதுக்கு மானம்னு பேரு, தமிழ்ல நாம சொல்ற மான ரோஷம் இல்ல, மத்தவனோட தன்ன அளந்து பாக்கற பழக்கம். நான் ஒசத்திங்கறது மட்டும் இல்ல, நான் மட்டம்ங்கறதும் மானம்தான், நானும் அவனும் சமம்ங்கறது கூட மானம்தான், அளவுகோல கீழ போடற வரைக்கும் எல்லாமே அதுதானாம். ரொம்ப கறார். இந்த ஷோ பூரா அளவுகோல்தான, அதுல ரெண்டு கைலயும் அளவுகோல் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது நான். ஒரு கைல வீட்டுக்குள்ள இருக்கறவங்கள அளக்கறேன், இன்னொரு கைல அம்மாவ.

அம்மா எப்படி பாப்பாங்கன்னா, முழு மூச்சா பாப்பாங்க. இருக்கற ஓட்டு எல்லாத்தையும் ஒரே ஆளுக்கு குத்துவாங்க, அவர் டேஞ்சர் ஜோன்ல வந்தா சாப்பாடு எறங்காது. ஒரு ஞாயித்துக்கிழம எனக்கு சுத்தமா பிடிக்காத ஒருத்தர் வெளிய போனாரு, பெட்டிய இழுத்துக்கிட்டு, வாசல் வரைக்கும் சிரிச்சிட்டு வந்து கதவு தெறந்ததும் ஒரு செகண்டு மூஞ்சி கோணிச்சு. நான் "ஹப்பா"ன்னு சிரிச்சேன். அம்மாவுக்கும் அவர ஆகாது, நாமினேஷன்ல வந்தப்போ சாமிக்கு வேண்டிக்காத குறைதான். ஆனா அந்த செகண்டு அவங்க சிரிக்கல. "அழறான்டா, ஏன்டா சிரிக்கிற"ன்னாங்க. சொல்லிட்டு அடுத்த நிமிஷம் அவரு அந்த டாஸ்க்ல பண்ணத எல்லாம் எடுத்து மறுபடியும் திட்ட ஆரம்பிச்சிட்டாங்க.

முதிதான்னு ஒன்னு இருக்கு, அடுத்தவன் சந்தோஷத்துல சந்தோஷப்படறது. பிரம்மவிகாரம்னு சொல்ற நாலு உயர்ந்த மனநிலைல மூணாவது. அதுக்கு நேர் எதிர்ல ஒரு பீடமே போட்டு உக்காந்திருந்தேன் நான், உபேக்கான்னு, அதாவது சமநிலைன்னு, பேர் வேற வெச்சிக்கிட்டு. எனக்கு யார் மேலயும் பற்று இல்லம்மா, நான் சும்மா கவனிக்கறேன்னு சொல்வேன். சமநிலைக்கு பக்கத்து வீட்டு எதிரி அலட்சியம்னு விசுத்திமக்கம்ங்கற பழைய பௌத்த நூல் சொல்லுது, ரெண்டும் வெளில இருந்து பாக்க ஒரே மாதிரி இருக்குமாம். இருக்குது.

பாக்காம விட்டா என்னன்னு நீங்க கேக்கலாம், உபோசதம்ங்கற பௌத்த விரத நாள்ல எடுக்கற எட்டு சீலத்துல, அதாவது ஒழுக்க விதில, ஏழாவதே ஆட்டம் பாட்டம் வேடிக்கை பாக்கறத விடறதுதான். ஒரு தடவ எடுத்தேன். அன்னைக்கு நைட்டு டிவிய பாக்கல, ரூம்ல இருந்தேன், என்ன நடந்துச்சுன்னு போன்ல படிச்சிட்டேன். படிக்கறது வேடிக்கை பாக்கறதுல வராதுன்னு எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கிட்டேன், அந்த விநய பிக்கு தோத்தாரு போங்க.

கடைசியா ஒன்னு. ஃபினாலே முடிஞ்ச அன்னைக்கு நைட்டு, அம்மாவோட ஆளு ஜெயிக்கல, ஹால்ல ஒரு துக்க வீட்டு அமைதி. எனக்கு பவாரணா ஞாபகம் வந்துச்சு, நூறு நாள் ஒன்னா உக்காந்து பாத்திருக்கோமே, கேட்டுத்தான் பாப்போமேன்னு, "அம்மா, என்கிட்ட ஏதாவது தப்ப நீங்க பாத்திருந்தாலும், கேட்டிருந்தாலும், சந்தேகப்பட்டிருந்தாலும் சொல்லுங்க"ன்னேன். ஏற இறங்க பாத்தாங்க.

"பாத்ததே நெறைய இருக்கேடா. எதுல ஆரம்பிக்கட்டும்?"

மொதல்ல கட்டில் மேல போடற ஈரத் துண்டு. சரின்னேன். ரெண்டாவது, பாத்ரூம் பக்கெட்ட காலி பண்ணாம வர்றது. அம்மா அது நான் இல்ல, அப்படி என்னைக்கு பாத்தீங்க, நான் எப்பவும் கவுத்துட்டுத்தான் வருவேன்னு நான் எகிற ஆரம்பிச்சேன், அவங்க ரிமோட்ட எடுத்து டிவிய அணைச்சிட்டு, "இரு, மூணாவது இருக்கு"ன்னாங்க.